நடந்து போன செங்கல் சூளை

பொய் சொல்லக்கூடத் தெரியாத மனுஷர். இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முன்னால் ஏறிக்கொண்டிருந்த கோபுரக் காவலரின் முதுகைப் பார்த்தபடி டீச்சர் மனதுக்குள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல பொய்க்குக் கொஞ்சம் சோம்பேறித்தனம் வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளத் தெரிய வேண்டும். இந்த ஆளோ, கேட்காமலே மூன்று முறை சொல்லிவிட்டார், தனக்குக் கண் மங்கிவிட்டதென்று. அடிவாரத்தில் ஒரு முறை, ஓடையைத் தாண்டும்போது ஒரு முறை, செங்குத்தான பாறையில் கை கொடுத்து ஏற்றிவிடும்போது இன்னொரு முறை. பத்தொன்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைதான் யாரும் கேட்பதற்கு முன்பே காரணத்தைத் தூக்கிக்கொண்டு வரும்.

பள்ளிக்கூடத்தை விட்டுத் துப்பறியும் வேலைக்கு வந்து ஒன்பது வருஷமாகியும் ‘டீச்சர்’ என்ற பட்டம் போகவில்லை. அதைப் போகவிடாமல் காப்பாற்றி வருகிறவன் பின்னால் இரைத்துக்கொண்டே வந்தான்.

“டீச்சர், இன்னும் எவ்வளவு தூரம்னு அண்ணனைக் கேளுங்களேன். நான் கேட்டா அசிங்கமா இருக்கும்.”

“நீ நாலு தடவை கேட்டாச்சு.”

“அது நாலும் வேற வேற தூரம் டீச்சர்.”

பஞ்சர், அவளுடைய உதவியாளன். சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்து, அதை வெற்றிகரமாக மூடியவன். நாற்பது வயதுக்கு மேல் மலையேறுவது சட்டப்படி குற்றமாக்கப்பட வேண்டும் என்று காலையிலிருந்து வாதாடிக்கொண்டு வருகிறான்.

“இன்னும் முக்கால் மணி நேரம்தான் தம்பி,” என்றார் காவலர், திரும்பாமல்.

“முக்கால் மணின்னு சொல்லியே ஒண்ணரை மணி ஆச்சுண்ணே. உங்க மலையில கடிகாரத்துக்கும் மூச்சு வாங்குமோ?”

காவலர் சிரிக்கவில்லை. அவரால் சிரிக்க முடியாததற்குக் காரணம் இருந்தது. பன்னிரண்டு நாட்களுக்கு முன் மலையின் மூங்கில் சரிவில் தீப்பிடித்தது. உச்சியில் இருக்கும் பழைய தீக்காவல் கோபுரத்திலிருந்து புகையை முதலில் பார்த்தவர் இவர்தான். புகை இருந்த திசைக்கான எண்ணை வயர்லெஸ்ஸில் சொன்னார்: நூற்று ஐம்பத்திரண்டு. அடிவார அலுவலகத்தில் வரைபடத்தில் அந்த எண்ணுக்குக் கோடு போட்டு, தீயணைக்கும் ஆட்களை அனுப்பினார்கள். போன இடத்தில் கல்லும் வெயிலும்தான் இருந்தன. அவர்கள் திரும்பி, குறுக்கே ஓடி, சரியான சரிவுக்கு வருவதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. பதினொரு வீடுகள் எரிந்தன. தீயணைக்கப் போனவர்களில் ஒருவர் இரண்டு கால்களும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

நாளை காலை பத்து மணிக்கு விசாரணை. எண்ணைத் தப்பாகச் சொன்னது காவலர்தான் என்று முடிவானால் அவருக்கு வேலையும் போகும், வழக்கும் வரும்.

அப்படி முடிவாகக் கூடாது என்று டீச்சரைத் தேடி வந்தவள் காவலரின் மகள். நான்கு மாதமாக அடிவார அலுவலகத்தில் வயர்லெஸ் பார்ப்பவள். அன்றைக்கு அப்பா சொன்ன எண்ணைக் காதில் வாங்கி எழுதியவளும் அவளே. அழவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்: “எங்கப்பா தப்பா எண் சொல்ல மாட்டார் டீச்சர். அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்.”

தெரிந்துகொள்ள இந்த ஒரு நாள்தான் கிடைத்தது. அதையும் வன அதிகாரி பிச்சை போடுவதைப் போலப் போட்டார்.

காலையில் அவரை அடிவாரத்தில் பார்த்தார்கள். ‘காட்டைக் காப்போம்’ என்ற பலகைக்குக் கீழே, காட்டைவிடப் பெரிதாக வரையப்பட்டிருந்த தன் சொந்த முகத்தின் நிழலில், மடக்கு நாற்காலி போட்டுக் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். அவருடைய காலணியில் ஒரு துளி மண் இல்லை. மலையைக் கட்டி ஆள்கிற மனிதர்.

“நீங்க எதுக்கும்மா இந்த வெயில்ல ஏறி இறங்கணும்?” என்று ஒரு தாளை நீட்டினார். “அறிக்கை தயாரா இருக்கு. ‘காவலரின் பார்வைக் குறைபாடு’ன்னு போட்டிருக்கோம். குடிபோதைன்னு போடலாம்னாங்க, நான்தான் வேணாம்னேன். பெரிய மனசு பண்ணித்தான். பொண்ணு தரப்புல நீங்க ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா முடிஞ்சுது.”

“நீங்க கோபுரத்துக்குப் போய்ப் பார்த்தீங்களா?”

“வருஷா வருஷம் ஆய்வு பண்றேனே.”

“மேல ஏறியா?”

“இங்கேர்ந்து பைனாகுலர்ல பார்த்தாலே தெரியும்மா. கோபுரம் நின்னுகிட்டுத்தானே இருக்கு?”

பஞ்சர் அப்போது ஓர் இருமலை விழுங்கியதை டீச்சர் கவனித்தாள். அவள் தாளை வாங்கவில்லை. தீக்காலத்தின் நடுவில் கோபுரத்தைப் பூட்டிப் போட்டிருக்கிறீர்களே என்று கேட்டதற்கு, ‘விசாரணை முடியறவரைக்கும் எதையும் தொடக்கூடாதும்மா, விதி’ என்றார். தீயும் விதியைப் படித்துவிட்டு ஆறு நாளாகக் காத்திருக்கிறது போலும்.

இப்போது, பாதையின் கடைசி வளைவில் காவலர் நின்றார். பள்ளத்தாக்கைக் கண்களைச் சுருக்காமல் பார்த்தார்.

“குடையை மடக்கிட்டாரு. கிளம்புறாரு போல.”

“யாரு?”

“அதிகாரிதான். ஜீப் இன்னும் வரலை. நாற்காலியைத் தானே தூக்கிட்டு நிக்கிறாரு, பாவம்.”

டீச்சர் எட்டிப் பார்த்தாள். அடிவாரம் கடுகளவு தெரிந்தது. ஜீப்பா, குடையா, அதிகாரியா எதுவும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பஞ்சர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தான்.

“அண்ணே, உங்களுக்குக் கண்ணு மங்கிடுச்சுன்னு சொன்னீங்கள்ல? அந்த மங்கலை எனக்குக் கொஞ்சம் கடன் குடுங்களேன்.”

காவலரின் காது மடல்கள் சிவந்தன. மேலே நடந்தார்.

கண் மங்கிய கதை இத்தோடு முடிந்தது. அப்படியானால், நல்ல கண் உள்ள ஒருவர் தன் கண்ணின் மேல் ஏன் பழி போட வேண்டும்? யாரோ மிரட்டியிருக்க வேண்டும். யார் என்பதைக் கண்டுபிடிக்க டீச்சருக்கு ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. குடையோடு ஒரு முகம் தயாராக இருந்தது.

கோபுரம் என்று சொன்னாலும் அது நான்கு இரும்புக் கால்களில் நிற்கும் ஒற்றை அறைதான். நாற்பத்திரண்டு படிகள். அதிகாரி கொடுத்த சாவியை டீச்சர் போட்டுத் திறந்தாள். நான்கு பக்கமும் ஜன்னல். ஓரத்தில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், கவிழ்த்து வைத்த ஒரே ஒரு டம்ளர். கால்களில் தடித்த கண்ணாடிக் குப்பிகள் மாட்டிய ஒரு முக்காலி.

“இது எதுக்குண்ணே? முக்காலிக்குச் செருப்பா?”

“இடி மின்னல் நேரத்துல அது மேல ஏறி நின்னுக்குவேன் தம்பி. மின்சாரம் பாயாது.”

“விடிய விடிய மழைன்னா?”

“விடிய விடிய நிப்பேன்.”

அறைக்கு நடுவில் கனமான மர மேஜை. அதன்மேல் பித்தளையில் ஒரு வட்டத் தட்டு. ஓரம் முழுக்கப் பூஜ்ஜியத்திலிருந்து முந்நூற்று அறுபது வரை எண்கள். தட்டின் விளிம்பில் நான்கு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த காதுகள் வழியாக அதை மேஜையோடு திருகியிருந்தார்கள். தட்டுக்கு மேலே சுழலும் பார்வைச் சட்டம், அதில் செங்குத்தாக ஒரு மயிரிழைக் கம்பி. கம்பியைப் புகைக்கு நேராகத் திருப்பி, கீழே விழுகிற எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். காவலரின் வேலை மொத்தமும் அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷம்.

“வடக்கு பார்,” என்றாள் டீச்சர்.

பஞ்சர் தன் செல்போனில் திசைகாட்டியைத் திறந்து தட்டின்மேல் வைத்தான். முள் வடக்கைக் காட்டியது. தட்டின் பூஜ்ஜியமும் அச்சாக அங்கேயே இருந்தது.

“சரியா இருக்கு டீச்சர். ஊசி நுனி பிசகலை.”

“பார்த்தீங்களாம்மா?” என்றார் காவலர். அவர் குரலில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. “தட்டு சரியாத்தான் இருக்கு. மூங்கில் சரிவு நூத்திப் பன்னிரண்டு. நான் நூத்தி அம்பத்திரண்டுன்னு சொல்லிட்டேன். நாளைக்கு இதைத்தான் சொல்லப் போறேன். நீங்களும் பாப்பாகிட்ட இதையே சொல்லிடுங்க.”

பிசகாத நாற்பது. விடைத்தாள் திருத்தும்போது ஒரு பிள்ளை நாற்பதுக்கு முப்பத்தேழு எழுதினால் அவள் நம்பிவிடுவாள். அது கை தவறிய தப்பு. இப்படி முழுசாக நாற்பது வித்தியாசப்படும் தப்புக்கு எங்கேயோ ஒரு வழிமுறை இருக்கும்.

அலமாரியில் பதிவேடுகள் வருஷவாரியாக நின்றன. இந்த வருஷத்தை எடுத்துப் பிரித்தாள். குண்டு குண்டான, அவசரமே இல்லாத கையெழுத்து. தீப்பிடித்த நாள்வரை ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு ஒரு வரி தவறாமல் இருந்தது: ‘சூளைப் புகை 114. நல்ல புகை.’

“அது என்ன நல்ல புகை?”

“பயப்பட வேண்டாத புகைம்மா. தினமும் வர்றது. கிழக்கால ஒரு செங்கல் சூளை இருக்கு. அதைக் காட்டுத் தீன்னு நினைச்சு ஆள் அனுப்பிடக் கூடாதுல்ல? அதனால முதல்ல நல்ல புகையை எழுதிட்டு, அப்புறம்தான் மத்ததைத் தேடணும்.” வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. அடுத்த நொடியே எதையோ நினைத்துக்கொண்டு அதை அணைத்துவிட்டார்.

டீச்சர் கிழக்கு ஜன்னலைப் பார்த்தாள். தூரத்தில் ஒல்லியாக ஒரு சாம்பல் நிறப் புகை. பார்வைச் சட்டத்தை மெல்லச் சுழற்றி, மயிரிழைக் கம்பியைப் புகையின் அடியில் நிறுத்தினாள்.

“பஞ்சர், எண்ணைப் படி.”

“எழுபத்தி நாலு.”

“சரியாப் படி.”

“ஏழு, நாலு. எழுபத்தி நாலு டீச்சர்.” அவன் பதிவேட்டை எட்டிப் பார்த்தான். மறுபடி ஜன்னலைப் பார்த்தான். “நூத்திப் பதினாலுல இருந்த சூளை எழுபத்தி நாலுக்கு எப்படிப் போச்சு? வீடு மாத்திட்டாங்களா?”

“சூளை நடக்காது.”

“அப்போ தட்டு நடந்திருக்கு!”

அவன் அதற்குள் மேஜைக்கு அடியில் குனிந்து, மேலே வந்து, தட்டைச் சுற்றி விரலால் தடவிக்கொண்டிருந்தான். பழைய கடைக்காரனின் விரல். வெயிலில் வெளுத்த மரத்தில் ஓர் இடத்தில் நின்றது. நகத்தால் சுரண்டினான். மெழுகு உதிர்ந்தது. உள்ளே ஒரு திருகாணித் துளை. அதைச் சுற்றிக் காது வடிவத்தில், வெயில் படாத கறுப்பு மரம். அதன்மேல் யாரோ ஏதோ வெளிர்ப் பொடியைத் தேய்த்து நிறத்தை ஒப்பேற்றியிருந்தார்கள்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இந்தத் தட்டுக்கு மொத்தம் எட்டுக் காது இருந்திருக்கு டீச்சர். நாலு பழசு, நாலு புதுசு.”

அப்படியானால் தீப்பிடித்த அன்று தட்டு வேறு மாதிரி திரும்பியிருந்தது. அன்றைய தட்டில் மூங்கில் சரிவின் எண் நூற்றுப் பன்னிரண்டு கூட்டல் நாற்பது. காவலர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. அவர் சொன்னது தப்பென்று காட்டுவதற்காக யாரோ தீக்குப் பிறகு ஏறி வந்து தட்டைத் திருப்பியிருக்கிறார்கள்.

“அந்தக் குடைக்காரன்தான்!” பஞ்சர் துள்ளினான். “ஏறவே மாட்டேன்னு நம்ம காதுல பூ சுத்தினானே! வாங்க டீச்சர், இறங்கலாம். இறங்கறதுக்கு மட்டும் எனக்கு மூச்சு வாங்காது.”

டீச்சருக்கும் அந்த ஆசை இருந்தது. அந்த முகம், அந்தப் பலகை, மண் படாத அந்தக் காலணி. நாளை பத்து மணிக்கு அந்த மனிதர் நாற்காலியில் நெளிவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நாக்கில் இனித்தது. அந்த இனிப்புதான் அவளைத் தடுத்து நிறுத்தியது. ஒருவரை இவ்வளவு பிடிக்காமல் இருக்கும்போது அவருக்கு எதிரான விடை இவ்வளவு சுலபமாகக் கிடைத்தால், இன்னொரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

போட்டுப் பார்த்தாள்.

பாதி தூரம்கூட ஏறத் தெரியாத மனிதர் கனமான பித்தளைத் தட்டைக் கழற்றி மாட்டியிருப்பாரா? ஆள் வைத்துச் செய்திருக்கலாம். அந்த ஆள் புதிய துளைகளை இவ்வளவு நேர்த்தியாக, மரம் சிதறாமல் போட்டிருப்பானா? நான்கு திருகாணித் தலைகளுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருப்பானா? எண்களைத் துடைத்து மினுக்கியிருப்பானா? எல்லாவற்றுக்கும் மேலாக, காவலரைக் கெடுக்க வந்தவன் தட்டை எப்படித் திருப்பினாலும் போதுமே. கெடுக்க வந்த ஒருவன், மெனக்கெட்டு, ஊசி நுனி பிசகாமல் பூஜ்ஜியத்தை வடக்குக்குக் கொண்டுபோய் நிறுத்துவானா? இதைச் செய்தவன் பொய்யும் சொல்லியிருக்கிறான், கூடவே பழைய தப்பைத் திருத்தியும் வைத்திருக்கிறான்.

“பஞ்சர், உட்கார்.”

“முக்காலியிலயா?”

“எங்கேயாவது.” அவள் காவலரிடம் திரும்பினாள். “எப்போ திருப்பினீங்க?”

காவலர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றார். பஞ்சர் வாயைத் திறந்து, டீச்சரின் பார்வை பட்டு, மூடிக்கொண்டான்.

“நாலாம் நாள்,” என்றார் கடைசியில். “தீக்கு நாலாம் நாள்மா. அதுக்கப்புறம் ரெண்டு நாள் கழிச்சுத்தான் என்னை நிறுத்தி, கோபுரத்தைப் பூட்டினாங்க.”

“எதுக்கு?”

“கட்டினப்பவே தட்டைக் கோணலா வச்சிட்டாங்க. மேஜைக்கு அழகா இருக்கணும்னு மேஜை விளிம்புக்கு நேரா பூட்டிட்டாங்க போல. வடக்கைப் பத்தி யாரும் நினைக்கலை. எனக்கும் தெரியாது. தட்டுல என்ன விழுதோ அதைச் சொல்லுவேன். கீழே பழைய வயர்லெஸ்காரர் இருந்தார்ல, அவர் அதுல நாப்பதைக் கழிச்சிட்டு வரைபடக்காரங்ககிட்ட சொல்லுவாராம். மனசுக்குள்ளேயே கழிச்சிடுவாராம். நான் சொல்றதைத்தான் அவரும் சொல்றாருன்னு இருபத்திரெண்டு வருஷமா நினைச்சுகிட்டிருந்தேன்மா.”

“எப்போ தெரிஞ்சுது?”

“மூணாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். சட்டைக்குப் பொத்தான் போட்டுகிட்டே கேக்குறாரு, ‘ஏன், நாப்பது கழிக்கலையா?’ன்னு. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் மாதிரி.”

“உங்க மகளுக்கு அவர் சொல்லிக் கொடுக்கலை.”

“ஒரே நாள்தான் கூட உட்கார்ந்தாராம். எந்த ஸ்விட்ச்ல ஷாக் அடிக்கும், அதிகாரிக்கு டீயில எவ்வளவு சர்க்கரை, எல்லாம் சொல்லியிருக்காரு. இது அவருக்கு ஒரு விஷயமாவே தோணலை.” அவர் குரல் முதல் முறையாகப் பிசிறியது. “பாப்பா கேட்டதை அப்படியே படிச்சிருக்கா. ஒரு வார்த்தை மாத்தாம. அவ வந்தப்புறம் இதுதான் முதல் தீ. ஆனா நாளைக்கு அவங்க என்ன சொல்லுவாங்க? எண்ணை வாங்கினது யாரு? அந்தப் பொண்ணு. கழிக்காம விட்டது யாரு? அந்தப் பொண்ணு. வேலைக்கு வந்து நாலு மாசம், இன்னும் நிரந்தரம்கூட ஆகலை. ஆஸ்பத்திரியில கிடக்கிற அந்த மனுஷனோட காலு அவ தலையில விழும். தட்டு சரியா இருந்துட்டா தப்பு என் கண்ணோட போயிடும். எனக்கென்னம்மா, ரெண்டு வருஷத்துல வீட்டுக்குப் போற ஆளு.”

ஒரு நல்ல அப்பா. டீச்சருக்குள் எரிச்சல் மூண்டது. ஓர் அலுவலகம் இருபத்திரண்டு வருஷம் ஒரு மனிதனின் மனக்கணக்கில் ஓடியிருக்கிறது; அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை; அந்த வெட்கக்கேட்டைத்தான் இவர் தன் மேல் போர்த்திக்கொண்டு தியாகம் என்கிறார். அதிகாரி பலகைக்குக் கீழே சௌகரியமாகக் குடை பிடிக்கட்டும் என்று.

எரிச்சலுக்கு இன்னொரு வேரும் இருந்தது. அவளுடைய இருபத்திரண்டாம் வயதில் தூரத்து ஊரிலிருந்து ஒரு வேலைக்கான கடிதம் வந்தது. அப்பா அதை அவளிடம் காட்டவில்லை. அவர் போன பிறகு, பெட்டியைக் குடைந்தபோது கிடைத்தது. அவள் நல்லதுக்காகத்தான். அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் வைக்க இன்றுவரை அவளுக்கு ஓர் இடம் அகப்படவில்லை.

“பதிவேட்டை ஏன் விட்டு வச்சீங்க? அதைக் கிழிச்சிருந்தா நான் இங்கே வெறும் கையோட நிப்பேனே.”

அவர் அதிர்ச்சியோடு பார்த்தார். “பதிவேட்டையா? அதெப்படிம்மா கிழிக்கிறது?”

பஞ்சர் தலையைச் சொறிந்தான். “தட்டைப் பேத்து எடுப்பாராம், தாளைக் கிழிக்க மாட்டாராம். அண்ணே, திருட்டு வேலைக்கு நீங்க லாயக்கே இல்லைண்ணே.”

டீச்சர் மேற்கு ஜன்னலுக்குப் போனாள். எதிர்மலை உச்சியில் இதே மாதிரி ஒரு கோபுரம், நான்கு கால்களில், வெயிலில் நின்றது.

“அதைக் கட்டினது யாரு?”

“இதே ஆளுங்கதான். இதைக் கட்டின அதே வருஷம்.”

“அங்கேயும் மேஜை விளிம்புக்கு நேராத்தான் தட்டைப் பூட்டியிருக்காங்களா?”

காவலர் அவள் பக்கத்தில் வந்து எதிர்மலையைப் பார்த்தார்.

“அதுக்கு எவ்வளவு கழிக்கணும்?”

“தெரியாதும்மா. பழையவருக்குத்தான்...” அவர் ஜன்னலிலிருந்து திரும்பினார். “விசாரணை முடியட்டும். அப்புறம் நானே ஒரு நாள் போய், யாருக்கும் தெரியாம, அதையும் திருப்பி வச்சிட்டு வந்துடுறேன்.”

“அதுவரைக்கும் அந்த எண்ணை யார் காதுல வாங்குவா?”

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். அதுவரை அவர் அதை நினைத்தே பார்க்கவில்லை என்பது அவர் உட்கார்ந்த விதத்தில் தெரிந்தது.

மகள் காலையில் கொடுத்தனுப்பிய வயர்லெஸ் பஞ்சரின் தோளில் கரகரத்தது. “கோபுரம், கோபுரம்... டீச்சர் மேல வந்துட்டாங்களா? அப்பா, நீங்க சாப்பிட்டீங்களா? டீச்சர், ஏதாவது தெரிஞ்சுதா?”

காவலர் எழுந்து வந்தார். கை கூப்பவில்லை, கூப்பியிருந்தால் டீச்சருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் முன்னால் நின்று, மகளுக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்ததைப் போலத் தணிந்த குரலில் பேசினார்.

“ஒரே வார்த்தைம்மா. ‘ஒண்ணும் கிடைக்கலை, உங்கப்பா கண்ணுதான்’னு சொல்லிடுங்க. அந்த ரெண்டாவது கோபுரத்தை இன்னைக்கே போய் நான் பார்த்துக்கிறேன். ராத்திரியானாலும் போறேன். பாப்பாவுக்கு மட்டும் இது தெரிய வேணாம். ஆஸ்பத்திரியில இருக்கறவரைப் பார்க்க அவ தினமும் போயிட்டு வர்றா. அவர் முகத்தைப் பார்த்து அவ எப்படிம்மா...”

“டீச்சர்?” என்றது வயர்லெஸ். “கேக்குதா?”

பஞ்சர் கருவியை நீட்டினான். டீச்சர் வாங்கிக்கொண்டாள். கட்டைவிரலைப் பொத்தானில் வைத்தாள், இன்னும் அழுத்தவில்லை. காவலரின் நல்ல கண்கள் இரண்டும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

“கேட்டது உங்க பொண்ணு,” என்றாள், அவருக்கு மட்டும் எட்டும் குரலில். “நீங்க சொல்றதை என்னால சொல்ல முடியாதுங்க.”